சண்டையும் சித்திரமும்: ஆக்‌ஷன் படம், அனிமேஷன் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைதோறும் ஒரு கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். வகுப்பு முடிந்ததும் பேச்சு நேராக சினிமாவுக்குப் போய்விடும். பிள்ளைகள், அவர்களைக் கூட்டிப்போக வரும் அப்பா அம்மாக்கள், ஆயாக்கள், சென்னையிலிருந்து இங்கே வேலைக்கு வந்த இளைஞர்கள் என்று ஆளுக்கொரு கேள்வி வைத்திருப்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எல்லாம் என் கருத்துதான். மாற்றுக் கருத்து இருந்தால் சனிக்கிழமை பேசிக்கொள்ளலாம்.

நல்ல சண்டைக் காட்சி என்று எதைச் சொல்வீர்கள், அக்கா?

யார் எங்கே நிற்கிறார், கதவு எந்தப் பக்கம் இருக்கிறது, எதிரே எத்தனை பேர், கையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிய வேண்டும். இது தெரியாமல் நடக்கும் சண்டை வெறும் சத்தம். அப்புறம் வலி. விலாவில் அடி வாங்கியவர் அடுத்த காட்சியில் நிமிர்ந்து நடந்து வந்தால் அந்த அடிக்கு மதிப்பே இல்லை. இந்த இரண்டும் அமைந்துவிட்டால் கதை கொஞ்சம் பழையதாக இருந்தாலும் நான் பொறுத்துக்கொள்வேன்.

சமீபத்திய படங்களில் இதற்கு நான் முதலில் சொல்வது ஜான் விக் நான்காம் பாகம் (2023). பாரிஸில் ஒரு பழைய கட்டடத்துக்குள் நடக்கும் சண்டையில் கேமரா மெல்ல மேலே ஏறி, கூரையே இல்லாததுபோல அறைகளை உச்சியிலிருந்து காட்டும். வீட்டு வரைபடத்தைப் பார்ப்பதுபோல் எல்லாச் சுவரும் தெரியும். எந்த அறையில் யார் பதுங்கியிருக்கிறார் என்று நாயகனுக்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடும். அவர் துப்பாக்கி நெருப்பைக் கக்கிக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் போவார். அவ்வளவு நேரமும் கட் இல்லாமல் ஓடும். இயக்குநர் சாட் ஸ்டாஹெல்ஸ்கி, தி மேட்ரிக்ஸ் படத்தில் கியானு ரீவ்ஸுக்கு டூப் போட்டவர். அடி வாங்கிப் பழகிய ஆள் கேமராவை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருக்கிறார்.

வேகமாக வெட்டி வெட்டிக் காட்டினால்தானே விறுவிறுப்பு?

வேகம் தப்பில்லை. வேகத்தை வைத்துக் குறையை மூடுவதுதான் தப்பு. நடிகருக்குச் சண்டை வராது என்றால் கேமராவை ஆட்டுவார்கள், ஒரு குத்தை ஐந்து துண்டாக வெட்டுவார்கள், சத்தத்தை ஏற்றுவார்கள். பார்த்து முடித்தபின் என்ன நடந்தது என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது.

வேகம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட் (2015) படத்துக்குத்தான் போக வேண்டும். புதுப்படம் இல்லை, ஆனாலும் அதைத் தாண்டி இன்னும் யாரும் போகவில்லை என்பது என் எண்ணம். இரண்டு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய 2700 கட். இருந்தும் ஒரு இடத்தில்கூடக் கண் தடுமாறுவதில்லை. காரணம் எளிது. இயக்குநர் ஜார்ஜ் மில்லர், முக்கியமான முகமோ கையோ சக்கரமோ எப்போதும் ஃபிரேமின் நடுவிலேயே இருக்கும்படி எடுக்க வைத்தார். கட் ஆனாலும் அடுத்த ஷாட்டில் அதே இடத்தில்தான் அடுத்த விஷயம் இருக்கும். கண் தேட வேண்டியதில்லை. அடுத்த முறை பார்க்கும்போது திரையின் நடுவில் ஒரு புள்ளியை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள், முழுச் சண்டையும் புரியும்.

அந்தப் படத்தை எடிட் செய்த மார்கரெட் சிக்ஸல் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். அதற்கு முன் ஆக்‌ஷன் படம் எடிட் செய்தவரே இல்லை. கிட்டத்தட்ட 480 மணி நேரப் பதிவை உட்கார்ந்து பார்த்து இரண்டு மணி நேரமாக்கினார், ஆஸ்கரும் வாங்கினார். பெரும்பகுதி எடுக்கப்பட்டது பக்கத்திலிருக்கும் நமீபியாவின் பாலைவனத்தில். ஃப்யூரியோசாவாக நடித்த சார்லீஸ் தெரோன் நம்ம நாட்டுப் பெனோனி ஊர்க்காரர். என் வகுப்புப் பெண் பிள்ளைகளிடம் இதை நான் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் சொல்வேன். உலகத்தின் சிறந்த ஆக்‌ஷன் படத்தில் கதையைத் தூக்கிச் சுமந்தவரும் அதைக் கோத்தவரும் இந்த நாட்டுப் பெண்கள்.

2024இல் வந்த ஃப்யூரியோசா அதன் முன்கதை. கிராபிக்ஸ் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்ததால் பலருக்கு ஏமாற்றம். எனக்கு இல்லை. பெரிய டேங்கர் லாரியைச் சுற்றி நடக்கும் 15 நிமிடச் சண்டையை 78 நாள் படமாக்கியிருக்கிறார்கள். லாரியின் அடியில், மேலே, பின்னால் என்று அவள் இடம் மாறிக்கொண்டே இருப்பாள். ஒவ்வொரு இடமும் நமக்கு மனப்பாடமாகிவிடும்.

தமிழ்ப் படங்களில் இப்படி யார் செய்கிறார்கள்?

கைதி (2019) வந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் குறையவில்லை. ஒரே இரவு, ஒரு லாரி, பின்னால் மயங்கிக் கிடக்கும் போலீஸ்காரர்கள். பாட்டு இல்லை, கதாநாயகி இல்லை. சிறையிலிருந்து வந்த அப்பா, இதுவரை பார்க்காத மகளைப் பார்க்கப் போகிறார். சண்டைக்கு முன் நெற்றியில் திருநீறு பூசிக்கொள்வார். இங்கே காவடி எடுத்துப் பழகிய நமக்கு அந்தக் கை அசைவு என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. லாரி வெளிச்சத்தில் நடக்கும் அந்த அடிதடியில் அவர் தோற்றால் ஒரு குழந்தை அப்பாவைப் பார்க்காமல் போய்விடும். அதனால்தான் ஒவ்வொரு அடியும் நமக்கு உறைக்கிறது.

கைதியை இயக்கிய லோகேஷ் கனகராஜின் விக்ரம் (2022) படத்தில் நாயகர்கள் மூன்று பேர். தியேட்டரில் பெரிய கைதட்டல் விழுந்ததோ ஏஜென்ட் டீனாவுக்கு. வீட்டு வேலை செய்யும் அம்மா என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று முள்கரண்டியைக் கையில் எடுக்கிறார். அந்தச் சண்டை வீட்டுக்குள் நடக்கிறது. பெரிய வாகனம் இல்லை, வெடிகுண்டு இல்லை. நடித்த வசந்தி பல ஆண்டுகள் பாடல் காட்சிகளில் குழுவோடு ஆடியவர். அந்த நடனக்காரரின் கால்தான் அந்தச் சண்டையைத் தூக்கி நிறுத்துகிறது. இந்த இரண்டு படங்களுக்கும் சண்டை அமைத்தவர்கள் அன்பறிவ், அதாவது அன்புமணி, அறிவுமணி என்ற இரட்டைச் சகோதரர்கள். கே.ஜி.எஃப். இரண்டாம் பாகத்துக்கு தேசிய விருதும் வாங்கியவர்கள். போஸ்டரில் நாயகன் பெயருக்குக் கீழே யார் சண்டை மாஸ்டர் என்று பாருங்கள். நான் டிக்கெட் எடுப்பதற்கு முன் முதலில் பார்ப்பது அதைத்தான்.

வெற்றிமாறனின் விடுதலை முதல் பாகம் (2023) சண்டைப் படம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ரயில் கவிழ்ந்த இடத்தைக் காட்டும் அந்தத் தொடக்க ஷாட்டைப் பாருங்கள். கேமரா நிற்காமல் பெட்டிகளுக்குள் புகுந்து, மேலே ஏறி, கீழே இறங்கி நடக்கிறது. வெடிப்பைக் காட்டாமல் வெடித்த பிறகு இருப்பதைக் காட்டுகிறார். வன்முறை எப்படி இருக்கும் என்று இதைவிட நேர்மையாகக் காட்டிய தமிழ்க் காட்சி எனக்கு நினைவில்லை.

ஸ்லோமோஷன் நடை, பில்டப் எல்லாம் உங்களுக்குப் பிடிக்காதா?

பிடிக்கும். ஒரு படத்துக்கு ஒன்று இரண்டு போதும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நாயகன் திரும்பிப் பார்த்து, பின்னணி இசை வெடித்தால், கடைசிச் சண்டை வரும்போது கைதட்ட நமக்கே தெம்பு இருக்காது.

வீட்டுப் பெரியவர்கள் பழைய எம்.ஜி.ஆர். கத்திச்சண்டையைப் போல இப்போது இல்லை என்கிறார்கள். நிஜமா?

அவர்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. அந்தப் படங்களில் எம்.ஜி.ஆரும் நம்பியாரும் மோதும்போது கேமரா தள்ளி நிற்கும். இருவரின் பாதமும் தெரியும். மாடிப்படியில் யார் மேலே, யார் கீழே, யார் பின்வாங்குகிறார் என்பது ஒரே ஷாட்டில் தெரிந்துவிடும். நான் முதல் கேள்வியில் சொன்னது இதுதான். டர்பனின் கிரே ஸ்ட்ரீட், விக்டோரியா ஸ்ட்ரீட் பயாஸ்கோப்புகளில் அப்படிப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இன்றைய துண்டு துண்டான சண்டை பிடிக்காமல் போவது நியாயம். (அந்தத் தெருக்களுக்கு இப்போது டாக்டர் யூசுஃப் தாது ஸ்ட்ரீட், பெர்த்தா எம்கிஸே ஸ்ட்ரீட் என்று பெயர் மாறிவிட்டது. 1939இல் திறந்த அவலான் தியேட்டரைப் பற்றி விசாரித்தால் தாத்தாக்கள் ஒரு மணி நேரம் பேசுவார்கள். கேட்டுப் பாருங்கள்.)

இப்போதைய படங்களில் ரத்தம் அதிகமாகிவிட்டதே. பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா?

அதிகமாகிவிட்டது. இதில் எனக்குக் கோபமே உண்டு, ஏனென்றால் பல இடங்களில் அது தேவையில்லாமல் வருகிறது. கூலி (2025) படத்துக்கு இந்தியாவில் ‘ஏ’ சான்றிதழ் கிடைத்தது. ரஜினி படம் என்றால் மூன்று தலைமுறையும் சேர்ந்து போவதுதான் வழக்கம். அந்த வழக்கத்தை நாலைந்து ரத்தக் காட்சிக்காக உடைத்திருக்க வேண்டாம்.

எதிர்ப்பக்கமும் சொல்கிறேன். கில் என்ற இந்திப் படம் (இங்கும் இந்தியாவிலும் பேசப்பட்டது 2024இல்) முழுக்க ஓடும் ரயிலுக்குள் நடக்கிறது. ரயில் பெட்டியின் நடைபாதை ஒரு ஆள் அகலம். அங்கே வாளைச் சுழற்ற முடியாது, ஓட முடியாது. படத்தின் தலைப்பே ஏறக்குறைய நடுப்பகுதியில்தான் திரையில் வரும், அதற்குக் காரணமான சாவு நடந்த பிறகு. அதுவரை காப்பாற்றச் சண்டையிட்டவன் அதற்குப் பிறகு கொல்லச் சண்டையிடுகிறான். இறந்த கொள்ளைக்காரர்களுக்கும் அதே ரயிலில் அப்பா, மாமா, தம்பி என்று அழ ஆள் இருக்கிறது. ரத்தம் நிறைய, ஆனால் ஒவ்வொரு சொட்டுக்கும் யாரோ ஒருவர் அழுகிறார். இதைப் பெரியவர்கள் மட்டும் பார்க்கலாம்.

பிள்ளைகள் விஷயத்தில், இந்திய சான்றிதழை நம்பிப் போகாதீர்கள். நம் நாட்டுத் திரைப்பட, வெளியீட்டு வாரியம் தனியாக வயது முத்திரை கொடுக்கிறது. ‘10–12 பி.ஜி.’ என்றால் பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையைக் கூட்டிப்போகக் கூடாது, பத்து முதல் பன்னிரண்டு வரை பெரியவர் கூட இருக்க வேண்டும். 13, 16, 18 என்று இருந்தால் அந்த வயது ஆகியிருக்க வேண்டும். எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்து இருக்கும், ‘வி’ என்றால் வன்முறை, ‘எச்’ என்றால் பயமூட்டும் காட்சி. டிக்கெட் எடுக்கும் முன் அதைப் பார்க்க அரை நிமிடம் ஆகாது.

கார்ட்டூன் குழந்தைகளுக்குத்தானே? நீங்கள் ஏன் அதைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள்?

ஏனென்றால் கடந்த ஏழெட்டு ஆண்டுகளில் நான் பார்த்த சிறந்த சண்டைக் காட்சிகளில் பாதி அனிமேஷனில்தான் இருக்கின்றன. இதைச் சொன்னதும் பெரியவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அப்புறம் உட்கார்ந்து பாருங்கள்.

புஸ் இன் பூட்ஸ்: தி லாஸ்ட் விஷ் (2022) எடுத்துக்கொள்வோம். ஒன்பது உயிர் உள்ள பூனை வீரன், எட்டை வீணாக்கிவிட்டான். மதுக்கடையில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு ஓநாய் வருகிறது. அதன் விசில் சத்தம் முதலில் வரும். சண்டை தொடங்கியதும் பூனை வழக்கம்போலக் குதித்துக் கேலி பேசுகிறது. ஓநாயின் ஆயுதம் ஒருமுறை நெற்றியைத் தொடுகிறது. ஒரு சொட்டு ரத்தம் வழிகிறது. பூனையின் முடி ஒவ்வொன்றாகச் சிலிர்த்து நிற்கிறது, கண்மணி விரிகிறது. வாழ்க்கையில் முதல்முறை பயம். கத்தியை விட்டுவிட்டு ஓடிவிடுகிறான். நாயகன் ஓநாயோடு போடும் முதல் சண்டையிலேயே பயந்து ஓடுகிறான், அந்தப் பயத்தை ஒரு சொட்டு ரத்தத்தில் காட்டிவிட்டார்கள். மனித நடிகரை வைத்து அந்த முடி சிலிர்ப்பதை எப்படி எடுப்பீர்கள்?

இன்னொன்றும் கவனியுங்கள். அந்தப் படத்தில் சண்டை வரும்போது அசைவு வேண்டுமென்றே கொஞ்சம் கட்டை கட்டையாக மாறும். சாதாரணமாக ஒரு வினாடிக்கு 24 படம் ஓடும். சண்டையில் அதைக் குறைத்து, ஒவ்வொரு நிலையையும் கூடுதல் நேரம் நிறுத்துகிறார்கள். அதனால் அடி விழும் நிலை கண்ணில் பதிகிறது. 2018இல் வந்த ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ் இதைக் கதைக்கே பயன்படுத்தியது. சிறுவன் மைல்ஸ் இன்னும் பழகாதவன், அதனால் அவனை வினாடிக்கு 12 படத்தில் அசைய வைத்தார்கள். அவனுக்குச் சொல்லித் தரும் பீட்டர் அதே காட்சியில் 24இல் அசைகிறார். காட்டுக்குள் இருவரும் மரம் மரமாகத் தாவும் காட்சியில் ஒருவன் தடுமாறுகிறான், ஒருவர் வழுக்கிக்கொண்டு போகிறார் என்று ஏன் தோன்றுகிறது என்றால் இதனால்தான். மைல்ஸ் தேறியதும் அவன் அசைவும் சீராகிவிடும்.

அடுத்த பாகம் அக்ராஸ் தி ஸ்பைடர்-வெர்ஸ் (2023). க்வென் என்ற பெண்ணின் உலகத்தில் சுவர் நிறம் அவள் மனநிலைக்கு ஏற்ப ஈரமான நீர்வண்ணம்போல ஒழுகி மாறும். அப்பாவோடு அவள் பேசும் காட்சியில் சண்டையே இல்லை, ஆனால் நிறங்கள் சண்டை போடுகின்றன. அந்தப் படத்தில் மும்பையும் மன்ஹாட்டனும் கலந்த ஊர் ஒன்றும் அங்கே ஒரு இந்திய ஸ்பைடர்-மேனும் வருகிறார்கள். என் வகுப்புப் பையன்கள் அவன் முடியைப் பற்றி ஒரு மாதம் பேசினார்கள்.

“இது நிஜம்போல் இல்லையே” என்று கேட்கும் பெரியவர்களுக்கு ஒன்று சொல்வேன். டர்பன் இருக்கும் இந்த நேட்டாலுக்கு நம் முன்னோர்கள் கொண்டுவந்து இன்றுவரை திரௌபதி கோயில் திருவிழாக்களில் ஆடும் தெருக்கூத்து நிஜம்போலவா இருக்கிறது? கிரீடம், தோளில் கட்டும் மரக்கட்டை, முகத்தில் பூசிய சிவப்பு, ஒரே இடத்தில் சுழன்று சுழன்று வரும் கோபம். துரியோதனன் சுழலும்போது அது பொய் என்று யாரும் எழுந்து போனதில்லை. பெரிதாக்கிக் காட்டினால்தான் சில உணர்ச்சிகள் தெரியும் என்பது நமக்குப் பல தலைமுறைகளாகத் தெரிந்த விஷயம்.

அப்படியென்றால் தமிழில் ஏன் நல்ல அனிமேஷன் படம் இல்லை?

இந்தக் கேள்வி வரும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. 2014இல் கோச்சடையான் வந்தது. சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கினார். நடிகர்களின் அசைவைப் பதிவு செய்து அதை வைத்து உருவங்களை அசைக்கும் மோஷன் கேப்சர் முறை. மறைந்த நாகேஷைக்கூடத் திரையில் திரும்பக் கொண்டுவந்தார்கள். துணிச்சலான முயற்சி, அதற்கு என் மரியாதை எப்போதும் உண்டு. ஆனால் தேர்ந்தெடுத்த வழி சரியில்லை. ரஜினியின் பலமே சின்னச் சின்ன அசைவுகள். கண்ணின் ஓரம், விரல், முடியைக் கோதுவது. நிஜ மனிதன்போலவே காட்ட வேண்டும் என்று போனதால் அந்த நுணுக்கம்தான் முதலில் காணாமல் போயிற்று. கண்ணில் உயிர் இல்லை. துணிந்து ஓவியமாகவே வரைந்திருந்தால், கோயில் சுவர்ச் சித்திரம்போல ஒரு பாணி வைத்திருந்தால், இன்றும் அதை எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்போம்.

அதன் பிறகு தயாரிப்பாளர்கள் ஒதுங்கிவிட்டார்கள். ஒரு நல்ல அனிமேஷன் படத்துக்கு மூன்று நான்கு ஆண்டு வேண்டும். நட்சத்திரத்தின் பெயரை வைத்து முன்கூட்டியே விற்க முடியாது. சென்னையில் திறமைக்குப் பஞ்சம் இல்லை. வெளிநாட்டுப் படங்களின் கிராபிக்ஸ் வேலை இந்தியாவில்தான் பெருமளவு நடக்கிறது. அவர்கள் கைக்கு நம் கதை கிடைக்கவில்லை.

2025இல் நிலைமை மாறியது. அஷ்வின் குமார் இயக்கிய மகாவதார் நரசிம்மா தமிழ் உட்படப் பல மொழிகளில் வந்து, இந்திய அனிமேஷன் படங்களிலேயே அதிகம் வசூலித்தது. பிரகலாதன் கதை நம் பிள்ளைகளுக்குக் கோயிலிலேயே தெரியும். முதல் பாதியில் முகங்கள் விறைப்பாக இருப்பதையும் வாயசைவு ஒட்டாததையும் நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் தூண் பிளந்த பிறகு நரசிம்மர் வரும் சண்டை வேறு தரம். எடை தெரிகிறது, கோபம் தெரிகிறது. அதே ஆண்டு சீனாவில் நேஜா இரண்டாம் பாகம் 200 கோடி டாலருக்கு மேல் வசூலித்து உலகத்தில் அதிகம் சம்பாதித்த அனிமேஷன் படமானது. பெரும்பகுதிப் பணம் சொந்த நாட்டு மக்கள் சொந்த மொழியில் சொந்தப் புராணத்தைப் பார்த்துக் கொடுத்தது. மதுரை வீரன், காத்தவராயன், நல்லதங்காள் எல்லாம் நம்மிடம் இருக்கிறார்கள். யாராவது வரையுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

நம் நாட்டில் அனிமேஷன் எடுக்கிறார்களா?

எடுக்கிறார்கள், நன்றாக எடுக்கிறார்கள். கேப் டவுனில் ட்ரிகர்ஃபிஷ் என்ற நிறுவனம் இருக்கிறது. கும்பா (2013) என்ற பாதி உடம்புக்கு மட்டும் வரி உள்ள வரிக்குதிரைக் கதை அவர்களுடையது. 2023இல் கிசாஸி மோட்டோ என்று பத்து குறும்படங்கள் வந்தன. ஆப்பிரிக்காவின் ஆறு நாடுகளைச் சேர்ந்த படைப்பாளிகள், மேற்பார்வை செய்தவர்களில் ஒருவர் முதல் ஸ்பைடர்-வெர்ஸ் படத்தின் இயக்குநர்களில் ஒருவரான பீட்டர் ராம்ஸி.

அதில் சர்ஃப் சங்கோமா என்ற படம் வருங்கால டர்பனில் நடக்கிறது. கடல் மட்டம் உயர்ந்துவிட்ட ஊரில் அலைச்சறுக்கு ஆடும் பையன்கள். நம் கடற்கரையை, நாம் ஞாயிற்றுக்கிழமை நடக்கப் போகும் அந்தத் தண்ணீரை, இப்படி யாரும் கற்பனை செய்து வரைந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வரைவதில் ஆர்வம் உள்ள பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் போட்டுக் காட்டுகிறேன். ஸ்டூடியோ இந்த நாட்டிலேயே இருக்கிறது, டர்பன் ஏற்கெனவே படத்தில் வந்துவிட்டது. அடுத்தது சாட்ஸ்வொர்த் ஏன் வரக்கூடாது?

கிராபிக்ஸா, நிஜமாகக் குதிப்பதா? எது மேல்?

கலந்து செய்தால் மேல். நிஜ உடம்பு, நிஜ லாரி, அதைச் சுற்றி கிராபிக்ஸ். லியோ (2023) படத்தின் கழுதைப்புலி கிராபிக்ஸ்தான். அதன் எதிரே நிற்கும் விஜய் தரையில் உருண்டு புரள்வதால் நம்ப முடிகிறது.

ஸ்டன்ட் கலைஞர்களுக்கு ஆஸ்கர் உண்டா?

இனிமேல் உண்டு. 2027இல் வெளியாகும் படங்களிலிருந்து ஸ்டன்ட் அமைப்புக்குத் தனி விருது என்று 2025 ஏப்ரலில் அறிவித்தார்கள். 2028இல் நடக்கும் நூறாவது விழாவில் முதல் விருது. நூறு விழா காத்திருக்க வைத்தது அநியாயம். எலும்பு உடைந்தவர்கள் பெயர் கடைசியில் சின்ன எழுத்தில் ஓடும்போது தியேட்டரில் பாதிப்பேர் எழுந்து போய்விடுகிறார்கள். நீங்களாவது உட்காருங்கள்.

என் பிள்ளைக்குத் தமிழ் புரியவில்லை. ஆங்கிலத்தில் டப் செய்ததைக் காட்டலாமா, தமிழில் சப்டைட்டிலோடு காட்டலாமா?

தமிழ்ப் படத்தைத் தமிழிலேயே காட்டுங்கள், ஆங்கில சப்டைட்டில் இருக்கட்டும். ஆக்‌ஷன் படம் இதற்கு மிக நல்லது, வசனம் குறைவு, நடப்பது கண்ணுக்குத் தெரியும். “விடு”, “ஓடு”, “பின்னாடி பாரு”, “வாடா” என்று சண்டையில் கத்தும் வார்த்தைகள்தான் என் வகுப்பில் பிள்ளைகள் முதலில் சரியாக உச்சரிப்பவை. வெளிநாட்டு அனிமேஷனில் தமிழ் ஒலித்தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏற்கெனவே ஆங்கிலத்தில் பார்த்து மனப்பாடமான படத்தைத் தமிழில் போட்டால் பிள்ளை தானாகவே வார்த்தைகளைப் பொருத்திக்கொள்ளும்.

சப்டைட்டில் விஷயத்தில் ஒரு குறை. ஒரு தியேட்டரில் தமிழ்ப் படத்துக்கு சப்டைட்டில் இல்லாமலே போட்டார்கள். என் பின் வரிசையில் ஒரு ஆயா பேரப்பிள்ளைகளுக்குப் படம் முழுக்க மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கவுண்டரில் போய்ச் சொன்னோம், அடுத்த காட்சிக்குச் சரிசெய்தார்கள். அதனால் இருட்டில் முனகிக்கொண்டிருக்காமல் எழுந்து போய்ச் சொல்லுங்கள்.

ஜப்பானிய அனிமே எங்கிருந்து ஆரம்பிப்பது?

டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில் (2025) பெயரைக் கேட்டு நேராக அதற்குப் போகாதீர்கள். அது மூன்று படங்களில் முதலாவது, அதற்கு முன் முழுத் தொடரும் இருக்கிறது. முதல் சீசனிலிருந்து பாருங்கள். வாள்வீச்சில் தண்ணீர் ஓவியம்போலச் சுழன்று வரும் காட்சிக்காகவே பார்க்கலாம். தலை வெட்டுவது நிறைய வரும், சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

ஆயா முதல் பேரப்பிள்ளை வரை எல்லாரும் சேர்ந்து பார்க்க இரண்டு படம் சொல்லுங்கள்.

முதலாவது ஃப்ளோ (2024). லாட்வியாவின் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் எடுத்தது. யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய பிளெண்டர் மென்பொருளில் செய்து, பெரிய ஸ்டூடியோக்களைத் தாண்டி ஆஸ்கர் வாங்கியது. வெள்ளம் சூழ்ந்த உலகத்தில் ஒரு கறுப்புப் பூனையும் சில விலங்குகளும் ஒரே படகில். ஒரு வார்த்தை வசனம் கிடையாது, அதனால் வீட்டில் யாருக்கு எந்த மொழி தெரிந்தாலும் பிரச்சினை இல்லை. படகில் உள்ள பெரிய வெள்ளைப் பறவை செக்ரட்டரி பறவை. நம் நாட்டுச் சின்னத்தில் சிறகு விரித்து நிற்பதும் அதே இனம்தான். பிள்ளைகளிடம் சொல்லாமல் விடுங்கள், அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

இரண்டாவது மாவீரன் (2023), மடோன் அஷ்வின் இயக்கியது. சிவகார்த்திகேயன் பயந்த சுபாவமுள்ள ஒரு சித்திரக்கதை ஓவியர். தான் வரையும் வீரனின் கதையைச் சொல்லும் குரல் அவர் காதில் கேட்க ஆரம்பிக்கிறது. குரல் “வீரன் பாய்ந்தான்” என்கிற மாதிரி சொல்லும், உடம்பு பாயும், முகம் மட்டும் நடுங்கும். அந்தச் சண்டைகளில் அவர் முகத்தை மட்டும் பாருங்கள். குடிசைப் பகுதி மக்களைத் தரமில்லாத அடுக்குமாடிக் கட்டடத்துக்கு மாற்றி, அங்கே சுவர் உதிர்வதுதான் கதையின் அடிப்படை. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தில் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டு 1960களில் சாட்ஸ்வொர்த்துக்கு வந்து சேர்ந்த குடும்பங்களில் இந்தப் படத்தைப் போட்டால், இடைவேளையில் பெரியவர்கள் தாங்களாகவே பேச ஆரம்பிப்பார்கள். படத்தை நிறுத்தி வைத்துவிட்டுக் கேளுங்கள். இரண்டாம் பாதியில் அடிதடி கொஞ்சம் கடுமை, ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் இருந்தால் பக்கத்தில் பெரியவர் ஒருவர் உட்காரட்டும்.